தரையில் கொதிக்கும், மேலே குளிரும்: ரோட்டரி விமான என்ஜினின் சூட்டுக் கணக்கு

எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்து வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைச் சித்திரை மாத நண்பகலில் பார்த்திருக்கிறீர்களா? ஓடும்போது ஒழுங்காக இருந்த பழைய வண்டி, நின்ற இடத்தில்தான் ஆவி விடும். டிரைவர் இறங்கி வந்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாமா என்று யோசிப்பார். (திறக்கவே கூடாது.) அதே வண்டி அதே பாரத்தோடு ஊரைத் தாண்டி வேகம் பிடித்துவிட்டால், சூடு காட்டும் முள் தானாகவே இறங்கிவிடும்.

வடசென்னையில் மேடு என்று சொல்லிக்கொள்ள மேம்பாலங்களை விட்டால் வேறில்லை. அதனால் இரண்டாவது தொந்தரவை நம் லாரிக்காரர்கள் ஏற்காட்டுக்கோ திருப்பதி மலைக்கோ போகும்போதுதான் பார்ப்பார்கள். முழுப் பாரம், கீழ் கியர். என்ஜின் மூச்சைப் பிடித்து உழைக்கும், வண்டியோ ஊரும். அங்கேயும் முள் ஏறும்.

விமானத்துக்கு இந்த இரண்டு தொந்தரவும் ஒவ்வொரு பயணத்திலும் அடுத்தடுத்து வருகின்றன. முதலில் ஓடுபாதை வரை ஊர்ந்துபோய் முறைக்காகக் காத்து நிற்க வேண்டும். அப்போது ஏறிய சூடு இறங்குவதற்குள் முழுச் சக்தி கொடுத்து மேலேற வேண்டும். தாங்களே கட்டிய சிறு விமானங்களில் ரோட்டரி என்ஜினைப் பூட்டிப் பறப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவது பெரும்பாலும் இந்தச் சில நிமிடங்களால்தான்.

எந்த ரோட்டரி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விமான வரலாற்றில் அந்தப் பெயர் இரண்டு என்ஜின்களுக்கு உண்டு. பெயர் ஒன்று, உறவு எதுவும் கிடையாது.

முதலாவது, 1909இல் பறக்கத் தொடங்கிய பிரான்ஸின் நோம் என்ஜினும் அதன் வழி வந்தவையும். முதல் உலகப் போரின் சண்டை விமானங்கள் பலவற்றில் இருந்தது இதுதான். இதில் கிராங்க் ஷாஃப்ட்டை விமானத்தோடு அசையாமல் பூட்டிவிட்டார்கள். அதைச் சுற்றி சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். பார்க்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் நம் பிரச்சினைக்கு விடை ஒளிந்திருக்கிறது. என்ஜினின் குறுக்களவு ஒரு மீட்டர், சுழற்சி நிமிடத்துக்கு 1,200 என்று வைத்துக்கொண்டால், சிலிண்டரின் முனை மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. விமானம் நின்றாலும் சிலிண்டர் நிற்பதில்லை. என்ஜினே தனக்கு விசிறி. இந்த வசதிக்கு விலையும் இருந்தது. உயவுக்கு ஊற்றிய ஆமணக்கெண்ணெய், எரியாமல் புகையோடு வெளியேறி விமானியின் மேல் படிந்தது. விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை நம் பாட்டிமார்களிடம் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு எடை சுழன்றதால் விமானத்தைத் திருப்புவதும் தனி வித்தையாக இருந்தது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அந்தக் குலம் மறைந்துவிட்டது.

இரண்டாவது ரோட்டரி, ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் பெயரில் வழங்குவது. 1957இல் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது. 1967இல் மாஸ்டா அதை இரட்டை ரோட்டரோடு காரில் கொண்டுவந்தது. இன்று சிறு விமானங்களில் ஏறுவது பெரும்பாலும் மாஸ்டாவின் 13பி. ஒரு ரோட்டருக்கு 654 சி.சி. வீதம் இரண்டு ரோட்டர்கள், ஆக 1,308 சி.சி. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. பருத்த முக்கோணம் போன்ற ரோட்டர், இடை சிறுத்த ஒரு கூட்டுக்குள் உருண்டு சுற்றும். இதில் கூடு அசையாது. எனவே பழைய ரோட்டரிக்குச் சும்மா கிடைத்த காற்று இதற்குக் கிடையாது. தண்ணீர், ஆயில், ரேடியேட்டர் எல்லாம் வேண்டும். இனி நான் ரோட்டரி என்று சொல்வது இதைத்தான்.

இதன் சூட்டில் ஒரு விசேஷம் உண்டு. சாதாரண என்ஜினில் எரிந்த சிலிண்டருக்குள்ளேயே அடுத்த மூச்சுக்குக் குளிர்ந்த காற்று வந்து சுவரைத் தடவிவிட்டுப் போகும். ரோட்டரியில் உள்வாங்கும் இடம் எப்போதும் ஒரு பக்கம், எரியும் இடம் எப்போதும் மறுபக்கம். அடுப்பின் ஓரத்தில் தள்ளி வைத்த தோசைக்கல் போல ஒரு பாதி காய்ந்துகொண்டே இருக்கும், மறு பாதி சும்மா இருக்கும். கூட்டின் சுற்றுச்சுவர் அலுமினியம். அதை இருபுறமும் அணைத்திருக்கும் பக்கத் தகடுகள் வார்ப்பிரும்பு. சூடு எல்லை மீறினால் இவை வெவ்வேறு அளவில் விரிந்து, இடையில் தண்ணீரைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையங்கள் கெடும். அதன்பின் என்ஜினைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ரோட்டரின் உட்புறத்துக்குத் தண்ணீர் எட்டாது. ஷாஃப்ட்டில் உள்ள துளைகள் வழியாக ஆயிலைப் பீய்ச்சி அதைக் குளிர்விக்கிறார்கள். இதனால் ரோட்டரியில் ஆயில் வெறும் உயவுப் பொருளாக இருப்பதில்லை. தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து சுமக்கும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆயிலின் தலையில் விழுகிறது. புதிதாகக் கட்டுபவர்கள் ரேடியேட்டருக்கு நல்ல இடத்தைக் கொடுத்துவிட்டு, ஆயில் கூலரை மிச்சமிருக்கும் மூலையில் செருகுவார்கள். மேலேறும்போது முதலில் சிவப்புக்குப் போவது ஆயில் முள்தான்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 குதிரைச் சக்தி என்பது 112 கிலோவாட். பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கு அளவுதான் புரொப்பெல்லருக்குப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிட்டாலும், தண்ணீரும் ஆயிலும் சுமக்க வேண்டியது கிட்டத்தட்ட 100 கிலோவாட். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசரைப் போல 50 கீசர்களை ஒரே நேரத்தில் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு.

காசிமேட்டு விசைப்படகுக்காரருக்கு இது ஒரு கவலையே இல்லை. அவரைச் சுற்றிக் கடல் இருக்கிறது. 100 கிலோவாட்டைக் கொண்டுபோக, 10 டிகிரி மட்டும் சூடேறும் அளவில் வைத்தாலும், நொடிக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் போதும். விமானிக்குக் கிடைப்பது காற்று. ஒரே கன அளவுக்குத் தண்ணீர் சுமக்கும் சூட்டில் சுமார் 3,500இல் ஒரு பங்கைத்தான் காற்று சுமக்கும். காற்று 40 டிகிரி சூடேறி வெளியேறுகிறது என்று வைத்தால், நொடிக்கு 2,000 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். தெருமுனைகளில் தண்ணீருக்காக வரிசையில் நிற்கும் 200 லிட்டர் நீல டிரம்களை நினைத்துக்கொள்ளுங்கள்: நொடிக்குப் பத்து டிரம் காற்று, நூல் நூலாக இடைவெளி விட்ட தகடுகளுக்கு நடுவே புகுந்து வெளியேற வேண்டும். சும்மா போகாது, தள்ள வேண்டும்.

தள்ளுவது யார்? விமானத்தின் வேகம்தான். வேகம் இரட்டித்தால் தள்ளும் அழுத்தம் நான்கு மடங்காகும். பாதியானால் கால் பங்காகும். மணிக்கு 300 கிலோமீட்டரில் பறக்கும்போது எதிர்க்காற்று, ஒரு குழாயில் தண்ணீரை 42 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தள்ளும். 160 கிலோமீட்டரில் மேலேறும்போது 12 சென்டிமீட்டர். தரையில் 20 கிலோமீட்டரில் ஊரும்போது 2 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. இனி என்ஜின் பக்கத்தைப் பாருங்கள்: சமமாகப் பறக்கும்போது 100 குதிரைச் சக்தி போதும் என்றால், மேலேறும்போது முழு 150உம் வேண்டும். சூடு ஒன்றரை மடங்கு, தள்ளும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகமாகப் பறக்கையில் ஒரு ரேடியேட்டர் போதுமா என்று கேட்பது, மாதச் சம்பளம் வந்த அன்று கையில் பணம் இருக்கிறதா என்று கேட்பதைப் போன்றது.

தண்ணீர் உயரம் என்று சொன்னது வெறும் உவமை அல்ல. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பிடிக்கும் தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய் தெரியுமல்லவா? அதை ‘யு’ வடிவில் வளைத்து விமானி அறையில் ஒட்டி, ஒரு முனையை ரேடியேட்டருக்கு முன்னாலும் மறு முனையைப் பின்னாலும் நீட்டி வைத்துப் பறந்து பார்ப்பார்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் உண்மையான தள்ளல். நூறு ரூபாய்க் குழாய், பல மாத ஊகத்தை மிச்சப்படுத்திவிடும்.

ஊகத்தை விட்டுக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதை நான் கற்றது வியாசர்பாடியில். என் தாய்மாமா அங்கே ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்தார். ஒரு கோடை விடுமுறையில் பள்ளி வேன் ஒன்று வந்தது. சிக்னலில் நின்றால் கொதிக்கிறது என்று சொல்லி, வேறொரு பட்டறையில் பெரிய ரேடியேட்டராக மாற்றிக் காசு வாங்கிவிட்டிருந்தார்கள். அப்படியும் கொதித்தது. மாமா என்ஜினை ஓடவிட்டார். முந்தைய நாள் செய்தித்தாளில் ஒரு தாளை எடுத்து ரேடியேட்டரின் முகத்தில் வைத்துக் கையை எடுத்தார். நடுவில், விசிறிக்கு நேராக, தாள் ஒட்டிக்கொண்டு நின்றது. மூலைக்கு நகர்த்தினார், தாள் வழுக்கித் தரையில் விழுந்தது. பிறகு என் கையைப் பிடித்து ரேடியேட்டருக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையில் நுழைத்துக் காட்டினார். நான்கு விரல் அகலத்துக்கு இருபுறமும் சந்து. பின்னால் போன சூடான காற்று அந்தச் சந்து வழியாகவே முன்னால் வந்து, திரும்பவும் ரேடியேட்டருக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

“மாப்பிள்ளை, காற்று சோம்பேறி. பக்கத்தில் சந்து விட்டு வைத்தால் தகட்டுக்குள் அது ஏன் நுழைகிறது?” என்றார். தகரத்தை வெட்டி விசிறியைச் சுற்றி ஒரு கூடு கட்டினார். பழைய டயர் டியூபைக் கீற்றாக அரிந்து சந்துகளை அடைத்தார். ரேடியேட்டரைத் தொடவே இல்லை. அன்று மாலை வேன் பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்றபடியே ஓடியது, முள் நடுவைத் தாண்டவில்லை.

ரோட்டரி விமானக்காரர்கள் முதலில் செய்ய வேண்டியதும் இதுவே. என்ஜின் மூடிக்குள் நுழையும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு விரல் சந்துகூட இருக்கக் கூடாது. நுழைவாயிலிலிருந்து ரேடியேட்டர் முகம் வரை தனிக் குழல் கட்டி, விளிம்புகளைச் சூடு தாங்கும் ரப்பரால் அடைக்க வேண்டும். தரைக்கும் ஏற்றத்துக்கும் இது மிக முக்கியம். 42 சென்டிமீட்டர் இருக்கும்போது கொஞ்சம் கசிந்தாலும் சமாளிக்கலாம், 12 இருக்கும்போது கசிவுக்கு இடமில்லை.

அந்தக் குழலின் வடிவமும் பேசும். வாய் சிறியது, ரேடியேட்டரின் முகம் பெரியது. இடையில் குழல் நிதானமாக அகல வேண்டும். கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தை நெருங்க நெருங்க அகன்று வேகம் தணிவதைப் போல, காற்றும் அகலும் குழலில் வேகம் தணிகிறது. இழந்த வேகம் அழுத்தமாக மாறி, ரேடியேட்டரின் முகம் முழுவதையும் சமமாகத் தள்ளுகிறது. ஆனால் திடுமென்று அகன்றால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழி போடும். பாதி ரேடியேட்டர் நிழலில் நிற்கும். செய்தித்தாள் விழுந்த மூலையைப் போல.

வாயை எங்கே வைப்பது என்பதும் உண்டு. புரொப்பெல்லர் வீசும் காற்று முழுவதும் வாய்க்குள் போகும் என்று நம்பிவிடுகிறோம். புரொப்பெல்லர் இறக்கையின் அடிப்பகுதி தடித்தது, மெதுவாகச் சுற்றுவது. நடுக்குமிழை ஒட்டி வாய் வைத்தால் தரையில் அங்கே காற்று பெரிதாக வராது. கொஞ்சம் தள்ளி வைத்தால் வரும்.

எல்லோரும் வாயைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முக்கால் வித்தை வெளியேறும் வழியில்தான் இருக்கிறது. உள்ளே போன காற்று 40 டிகிரி சூடேறியதும் எட்டில் ஒரு பங்கு அளவுக்குப் பருக்கிறது. அதற்கு ஏற்ற அகலத்தோடு வெளியேறும் வாயும் வேண்டும், அந்த இடத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவாக இருக்க வேண்டும். பெரும்பாலான விமானங்களில் அது அடிவயிற்றில் இருக்கிறது. மேலேற மூக்கைத் தூக்கியதும் அடிவயிற்றில் அழுத்தம் கூடும். மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்து வாசலில் ஆள் நின்று மறிப்பதைப் போல. அதற்குத்தான் திறந்து மூடும் கதவு. தரையிலும் ஏற்றத்திலும் கதவை முழுக்கத் திறந்தால், அதன் உதடு வெளிக்காற்றைத் தள்ளிவிட்டுப் பின்னால் ஒரு தாழ்வழுத்தத்தை உண்டாக்கி உள்காற்றை உறிஞ்சும். மேலே போய்ச் சமமாகப் பறக்கத் தொடங்கியதும் மூடிவிடலாம். இல்லையென்றால் வீணாக இழுவை. 1940இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்கப் போர் விமானமான மஸ்டாங்கின் வயிற்றில் இருந்த ரேடியேட்டர்க் குழலின் புகழுக்கு இப்படி அசையும் வெளிவாயும் ஒரு காரணம்.

அதே காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயருக்கு ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் இருந்தது. வானத்தில் குறை சொல்ல முடியாத விமானம், தரையில் நீண்ட நேரம் காக்கவைத்தால் கொதித்துவிடும். புரொப்பெல்லர் காற்று ரேடியேட்டரைச் சரியாக எட்டவில்லை. பிரிட்டனைக் காத்த 1940 வான்போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய படைப்பிரிவுகளில் ஒன்றான 234க்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர். நம் ஊர்ப் பெயரைச் சுமந்த விமானங்களும் புல்தரையில் முள்ளைப் பார்த்துப் பதறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

தரையில் விமானி செய்யக்கூடியவை பழக்கம் சார்ந்தவை. முதலாவது, காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பது. நண்பகலுக்குப் பிறகு காசிமேட்டில் அடிக்கும் கடற்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், எதிர்முகமாக நிற்கும் விமானத்துக்கு அது சும்மா கிடைத்த விசிறி. முதுகைக் காட்டி நின்றால், வெளியேறிய சூடான காற்றே திரும்பி உள்ளே வரும். பள்ளி வேனின் கதைதான். இரண்டாவது, முடிந்தவரை சோதனைகளை என்ஜின் ஓடத் தொடங்குவதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்வது. அதற்காக என்ஜினை ஓடவிட்ட மறுநொடியே கிளம்பவும் முடியாது. ஆயில் ஓரளவு சூடாகி இளகாமல் முழுச் சக்தி கொடுப்பது தாங்கிகளுக்குக் கேடு. காத்திருக்கவும் வேண்டும், அதிகம் காத்திருக்கவும் கூடாது. மின்விசிறி மாட்டலாமே என்று கேட்பார்கள். மாட்டியவர்கள் உண்டு. தரையில் பத்து நிமிடத்துக்கு உதவும் விசிறி, பறக்கும் நேரம் முழுவதும் காற்றின் வழியை மறிக்கும். எனக்கு அது கணக்குக்கு வராத பேரமாகவே படுகிறது.

ரேடியேட்டர் தடித்ததா, மெல்லியதா? தள்ளல் குறைவாக இருக்கும் இடத்தில் முகம் அகன்று தடிமன் குறைந்ததே நல்லது. அகன்றதை வைக்கத்தான் இடம் கிடைப்பதில்லை. கார் ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் இவாப்பரேட்டரைக் கழற்றி ரேடியேட்டராகப் பூட்டிப் பறக்கும் சிக்கனக்காரர்கள் ரோட்டரி உலகில் பலர். அது தடித்தது; குழல் சரியாக இருந்தால் வேலை செய்கிறது, குழலில் பிழை இருந்தால் மன்னிப்பதில்லை. ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் சமையலறைக் குக்கரின் தத்துவம்தான்: உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருந்தால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. எரியும் பக்கத்துச் சுவரில் ஆவிக்குமிழ் ஒட்டாமல் இருக்க இது மிகவும் தேவை.

மேலேறும்போது கையில் இருப்பவை மூன்று. ஒன்று, சேமிப்பு. தண்ணீர், ஆயில், என்ஜினின் இரும்பு எல்லாம் சேர்ந்து சூட்டை வாங்கி வைக்கும் உண்டியல். 60 டிகிரியில் கிளம்பியவருக்கு அது நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும், 95இல் கிளம்பியவருக்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். தரையில் பார்த்த சிக்கனம் இங்கே பலிக்கிறது.

இரண்டு, தண்ணீர்த் தெளிப்பு. ரேடியேட்டரின் முகத்தில் மெல்லிய பூந்தூறலாகத் தண்ணீரைப் பீய்ச்சுவது. பந்தய விமானங்களில் இது பழக்கமான ஏற்பாடு. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் முழுவதுமாக ஆவியானால் 40 கிலோவாட் அளவுக்குச் சூட்டை எடுத்துச் செல்லும். இதை எங்கள் ஊரில் சொன்னால் உடனே ஒரு சந்தேகம் வரும்: இராயபுரத்தின் புழுக்கத்தில் வியர்வையே காயாதபோது ரேடியேட்டரில் எப்படிக் காயும்? நம் தோல் சுமார் 35 டிகிரி. அந்தச் சூட்டில், ஏற்கெனவே ஈரம் ஏறிய காற்றுக்கு இன்னும் கொஞ்சம் ஈரத்தைக் கொடுப்பது கடினம். ரேடியேட்டரின் தகடு 80க்கு மேல். அதன் இடுக்கில் நுழைந்த காற்று சூடேறச் சூடேற, ஈரத்தை வாங்கும் தாகமும் அதற்குக் கூடுகிறது. ஈரப் புடவை கொடியில் காயாத நாளிலும் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் காய்ந்துவிடுகிறதே, அதைப் போல. ஆனால் சுமக்கும் தண்ணீர் எடை. பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ.

மூன்றாவது எதுவும் வாங்க வேண்டியதில்லாதது: மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துவது. 160இல் ஏறிக்கொண்டிருந்தவர் 200க்கு வந்தால் தள்ளல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. உயரம் மெதுவாகக் கூடும், முள் இறங்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்று ஆறு, ஏழு டிகிரி குளிர்ந்தும் இருக்கும்.

இறங்கிய பிறகு ஒரு விஷயம். என்ஜினை நிறுத்தியதும் தண்ணீர்ச் சுற்றும் நின்றுவிடுகிறது. இரும்பில் தேங்கிய சூடு மட்டும் நிற்பதில்லை. அது நின்ற தண்ணீருக்குள் இறங்க, முள் நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் ஏறும். அதனால் காற்றை நோக்கித் திருப்பி, இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவார்கள்; பிறகு என்ஜினின் மேல் மூடியில் இருக்கும் ஆயில் பார்க்கும் சிறு கதவைத் திறந்து வைப்பார்கள். கையை அதன்மேல் பிடித்தால் இட்லிப் பானையின் மூடியைத் தூக்கியதைப் போலச் சூடு எழும்பி வருவது தெரியும். அது அடங்கிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கலாம்.